உப்பு சரியாத்தான் இருக்கு

அக்டோபர் 5, ஞாயிறு

‘அதைச் சாப்பிடாதீங்க மதினி’ என்று இன்று நான் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அண்ணன் மகள் ஆதிரைக்குப் பிறந்தநாள். மெக்சிகன் ஓட்டலுக்குத்தான் போகவேண்டும் என்று ஆவணியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். சுவரில் கள்ளிச்செடி ஓவியம், கூரையிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் மிளகாய்ச் சரம். பரிமாறுகிறவர் தலையில் முறம் அளவுக்குத் தொப்பி. அவர் குனிந்து தட்டு வைக்கும்போதெல்லாம் அது அண்ணனின் நெற்றியில் இடித்தது. நாங்கள் சைவம் என்று அண்ணன் அந்தத் தொப்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

காத்திருந்த நேரத்தில், கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவளின் புத்தியை நான் காட்டினேன். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் எல்லாம் அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து கப்பலேறி வந்தவை, அதற்கு முன் நம் குழம்பில் காரம் என்றால் மிளகுதான் என்றேன். ஒரு செடி கடலைத் தாண்டி வந்து ஒரு தேசத்தின் நாக்கையே மாற்றியிருக்கிறது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மிளகாயக் குடுத்தவன் வீட்டுக்கு வந்து மிளகாயே இல்லாமச் சாப்பிடுதோம்” என்றான்.

காரம் இல்லாதது பெரிதில்லை. சோளச் சில்லான நாச்சோஸ் நமத்துப் போயிருந்தது. மேலே ஊற்றிய சீஸ் மெழுகுவர்த்தி உருகி உறைந்தது போலக் கிடந்தது. சப்பாத்தி மாதிரிச் சுருட்டிய புரிட்டோவைப் பிய்த்தவுடன் உள்ளிருந்த பீன்ஸிலிருந்து ஊசல் வாடை அடித்தது. பொரித்த எண்ணெயும் பழசு. ஆதிரை முதல் கடியைக் காகிதத்தில் துப்பினாள். போட்டோவில் எவ்வளவு அழகா இருந்துச்சு என்று சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அண்ணன் தொப்பிக்காரரைக் கூப்பிட்டான். அந்த ஊர்ப் பக்குவமே அப்படித்தான் சார் என்றார் அவர்.

மதினி மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், புரிட்டோ முழுவதையும், பிறகு ஆதிரை ஒதுக்கியதையும்.

“உப்பு சரியாத்தான் இருக்கு” என்றாள்.

கீழ்வீட்டில் கடுகு தீய்ந்தால் மூன்றாவது மாடியிலிருந்து, “யாரோ கவனமில்லாமத் தாளிக்கா” என்று சொல்கிறவள் அவள். தெய்வநாயகி என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டு வளைகாப்புக்கும் தெவசத்துக்கும் இவள்தான் சமைத்துக் கொடுக்கிறாள். அப்படிப்பட்டவள் ஊசிப்போன பீன்ஸை மென்றுகொண்டே, அதில் குறை என்ன என்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என் வாயை அடைத்தது.

வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் தோசை ஊற்றினாள்.

அக்டோபர் 6, திங்கள்

மதினிக்கு வயிறு சரியில்லை. ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு தெவச வீட்டுச் சமையலை முடித்து அனுப்பினாள்.

அக்டோபர் 8, புதன்

மாலையில் பூக்காரியிடம் மரிக்கொழுந்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, சமையலறை மேடையில் மதினியின் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த ஆதிரை, “யாரு மரிக்கொழுந்து வாங்கினது?” என்று குரல் கொடுத்தாள். மதினி திரும்பவில்லை. அரிந்துகொண்டிருந்த வாழைக்காயை முடித்துவிட்டுத் திரும்பினாள், துணியைப் பார்த்தாள், பிரித்தாள். பிறகுதான், “நல்ல வாசனை” என்றாள்.

இதைச் செய்திருக்க வேண்டாம். ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

நேற்றும் இன்றும் மதிய இடைவேளையில் நூலகத்தில் மருத்துவ அலமாரிப் பக்கம் போய்ப் படித்தேன். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு மணம் அடியோடு போய்விடும். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் தெரியும். மற்றதையெல்லாம் நாக்கு அறிகிறது என்று நாம் நினைக்கிறோமே, அது மூக்கின் வேலை. ஆவணியில் மதினி ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். உப்பு சரியாத்தான் இருக்கு என்றது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆவணியிலிருந்து இன்றுவரை எத்தனை பந்தி. ஒருவர்கூடக் குறை கண்டு இலையிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்களுக்குக்கூடத் தெரியாமல் போனதற்குக் காரணம் அவள் பிறந்த வீட்டு வழக்கம். படைக்கும் சமையலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. வேண்டுமென்று முகரவும் கூடாது. கொதிக்கும்போது தானாக எழுந்து வரும் மணத்தை வைத்து, உப்பும் புளியும் பக்குவமும் கண்டுகொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகு அன்றாடச் சமையலுக்கும் அவள் அதையே வைத்துக்கொண்டாள். கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கும் மதினியை யாரும் பார்த்ததில்லை. அதனால் அவள் எதையோ இழந்துவிட்டாள் என்பதைப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

அக்டோபர் 11, சனி

ஒரு வளைகாப்புக்குச் சித்ரான்னம். லீவு என்பதால் தேங்காய் துருவிக் கொடுக்க உட்கார்ந்தேன். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் நானாகச் சமையலறையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அம்மா போன பிறகு அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தான். மதினிக்கும் எனக்கும் சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. தீபாவளி முடிந்ததும் கல்லூரிக்குப் பக்கத்து மகளிர் விடுதிக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று பார்த்ததை எழுதிவைக்க வேண்டும்.

புளிக்காய்ச்சல் கொதிக்கும்போது அவள் பார்ப்பது கொப்புளத்தின் அளவை. முதலில் சின்னதாக வேகமாக வெடிக்கும். பிறகு பெரிதாகி, வெடிக்கத் தயங்கும். அந்தத் தயக்கம் வரும்வரை நிற்கிறாள். வெந்தயம் வறுக்கும்போது வாணலியைப் பார்ப்பதே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். சடசடப்பு ஓய்ந்து ஒரு சின்ன மௌனம் விழுகிறது, உடனே இறக்கிவிடுகிறாள். பெருங்காயத்தை விரலால் நசுக்கி அதன் இளக்கத்தை அறிகிறாள். எள் பொடித்ததும் புறங்கையில் தடவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் மினுக்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

மலையில் வழி தெரியாமல் போனவர்கள் நட்சத்திரத்தை வைத்து இறங்கி வந்த கதைகளைப் படித்திருக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் அசையாமல் இருப்பேன். இன்று தேங்காய்த் துருவலோடு அப்படி உட்கார்ந்திருந்தேன்.

“ஏட்டி காந்தி, மூடி ஓடு வரைக்கும் துருவிட்டியே. கறுப்பு விழுது பாரு” என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கூடம் வரை கேஸ் நாற்றம். மதினி அடுப்புக்கு நேர் எதிரில், முதுகு காட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அடுப்பை மூடினேன். சிலிண்டரை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன்.

அவள் கீரைக்காம்பைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பால் பொங்கியிருந்த அடுப்பை அவளே துடைத்தாள். துடைத்த துணியை நெடுநேரம் அலசினாள்.



அக்டோபர் 15, புதன்

கல்லூரியில் ஒருவர் வீட்டில் கேஸ் கசிந்து விபத்தாகிவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். அப்படி யார் வீட்டிலும் நடக்கவில்லை. கசிந்தால் கத்தும் கருவி ஒன்றை வாங்கிவந்து சமையலறைச் சுவரில் மாட்டினான்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிப் பலகாரம். மதினி முறுக்கு பிழிந்தாள். எண்ணெய்ச் சத்தம் அடங்கும் இடத்தைக் கேட்டு எடுத்தாள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

நடுவில் கடலைமாவு டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். நான் முகர்ந்து பார்த்து, “நல்லா இருக்கு” என்றேன். பிறகு நெய். பிறகு போன மாதத்து முந்திரி. முந்திரி காறியிருந்தது. “இது வேண்டாம் மதினி” என்றேன். “சரி” என்று குப்பையில் கொட்டினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்று நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி.

மழை. ஆதிரையின் வெடி எல்லாம் நமத்துவிட்டது. விடுதியிலிருந்து அறை காலியானதாகப் போன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

விசாலம்மா வந்திருந்தாள். அவள் கணவருக்கு அறுபதாம் கல்யாணம், நவம்பர் ஒன்பதாம் தேதி. இருநூறு இலை. மதினி இதுவரை செய்ததிலேயே பெரியது. விசாலம்மாவுக்கு இந்த ஊரில் தெரியாத வீடு இல்லை. அவள் வாயால் நன்றாக இருந்தது என்று வந்துவிட்டால் தை மாசத்துக் கல்யாணங்களும் வரும். வேறு மாதிரி வந்துவிட்டால் மதினி இத்தனை வருஷம் செய்ததெல்லாம் அந்த ஒரு வாக்கில் போய்விடும். அண்ணன், “இவ்வளவு பெருசு வேண்டாமே, ஒன் உடம்புக்கு ஆகாது” என்றான். அவள் காய்க் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

விசாலம்மா போகும்போது சொன்னாள்: எல்லாம் முதலில் முருகனுக்குப் படைத்த பிறகுதான் பந்தி, படைக்கும் முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது, அந்தச் சுத்தத்துக்காகத்தான் தெய்வுவைத் தேடி வந்தேன்.

அப்படியானால் நானும் ருசி பார்த்துச் சொல்ல முடியாது.

விடுதி அறையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை.

நவம்பர் 9, ஞாயிறு

விடியும் முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டோம். உதவிக்கு வழக்கமாக வரும் பழனாத்தாக்காவும் அவள் ஆட்களும்.

இருநூறு இலைக்கான அண்டாக்கள் வரிசையாகக் கொதிக்கும்போது எழும் சத்தத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. மதினி அவற்றுக்கு நடுவே நடந்தாள். சாம்பார் அண்டாவின் பக்கவாட்டில் உள்ளங்கையை லேசாக வைத்து எடுத்தாள். சொதிக்குத் தேங்காய்ப்பால் விட்டபோது, பால் விளிம்பில் வெள்ளைப் பூ விரியும் கணத்துக்கு முன்னால் தீயை இழுக்கச் சொன்னாள். பருப்பில் கரண்டியைத் தூக்கி ஒழுகவிட்டு, அது விழும் கனத்தைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த எங்கள் எல்லோருக்கும் வந்த வாசனை அவளுக்கு மட்டும் இல்லை. சமைக்கிறவளைத் தவிர எல்லோருக்கும் அது தெரிந்தது. அந்த நினைப்பு வந்தபோது கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். பெரிய கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது வருமே, அந்தச் சிறுத்துப்போகும் உணர்ச்சி.

கடைசியாக அவியல். காய் வெந்து, தேங்காய் அரைப்பும் தயிரும் சேர்ந்து, இறக்கிவைத்தாயிற்று. மேலே பச்சைத் தேங்காயெண்ணெய் விட்டுக் கிளற வேண்டியதுதான் பாக்கி. விசாலம்மா பட்டுப்புடவையோடு சமையல் பக்கம் வந்தாள், பின்னால் அவள் அண்ணன் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு. ஊரில் அவர்கள் சொந்தச் செக்கில் ஆட்டிய எண்ணெயாம். அவியலுக்கு இதைத்தான் விடவேண்டும் என்றாள். பழனாத்தாக்கா மூடியைத் திறந்தாள்.

“ஏனுங்க, ஊத்தீரட்டுங்களா?”

நான் இரண்டடி தள்ளி வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன எண்ணெயின் வாடை அங்கேயே அடித்தது. பழைய டின்னில் ஊற்றிவைத்திருக்க வேண்டும். பழனாத்தாக்காவுக்குச் சளி, காலையிலிருந்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கொண்டுவந்தவர்கள் ஊரிலிருந்து அதனோடேயே பயணம் செய்தவர்கள், பழகிப்போயிருக்கும். டின் சாய்ந்தது.

கூட்டத்தில் குரல் எழுப்பிப் பேசியவள் இல்லை நான்.

“ஊத்தாதீங்க” என்றேன். “மதினி, சிக்கு அடிக்கு.”

எல்லோரும் திரும்பினார்கள். விசாலம்மாவின் அண்ணன் முகம் கறுத்தது. விசாலம்மா சிரித்துக்கொண்டே பேசினாலும் குரலில் சிரிப்பு இல்லை.

“எங்க செக்கு எண்ணெய் சிக்கு அடிக்குதாக்கும்? புஸ்தகம் படிக்கிற பிள்ளைக்கு எண்ணெயப் பத்தி என்ன தெரியும். தெய்வு, நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஒத்துக்கிடுதேன்.”

டின் மதினியின் முகத்துக்கு நேராக வந்தது.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. எனக்கு அது அந்தக் கணமே தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். படைக்கிறதுக்கு முன்னால மோந்து பாக்க மாட்டேன், எங்க வீட்டு வழக்கம் இல்ல என்று சொன்னால் போதும். விசாலம்மா அதை மெச்சியிருப்பாள். அந்தச் சுத்தத்துக்காகத்தான் தேடி வந்தேன் என்று அவளே சொன்னவள். எண்ணெய் விஷயம் மட்டும் அவர்கள் பேச்சுக்கும் என் பேச்சுக்கும் நடுவே நின்றிருக்கும். நான் தெரியாமல் உளறியவளாகியிருப்பேன். ரகசியம் அப்படியே இருந்திருக்கும்.

மதினி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“எனக்கு மணம் தெரியாதும்மா” என்றாள். “ஆவணியில காய்ச்சல் வந்ததுலருந்து ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு வச்ச எதோட வாசனையும் எனக்குத் தெரியாது. காந்தி சிக்குன்னா அது சிக்குதான். அத அங்கிட்டு வைங்க.”

இவ்வளவையும் ரசத்துக்குப் பருப்புத்தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் குரலில் சொன்னாள். பிறகு பழனாத்தாக்காவிடம் நாங்கள் கொண்டுவந்திருந்த எண்ணெயை எடுக்கச் சொன்னாள். எடுத்து, அதையும் முதலில் என்னிடம் நீட்டச் சொன்னாள். நான் முகர்ந்து தலையாட்டினேன். ஊற்றினாள். கிளறினாள்.

விசாலம்மா, “இவ்வளவையும் தெரியாமலா வச்சீங்க?” என்று கேட்டாள். அதில் வியப்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மதினி, “படைக்க நேரமாச்சு” என்றாள்.

முருகனுக்குப் படைத்தார்கள். பந்தி நடந்தது. நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். அவியலை வாயில் வைத்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவியலில் காரம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

மண்டபத்தில் யாரோ சொல்லி அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் நின்றான்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா வேலைய விடச் சொல்லிருப்பீங்க.”

“ஆமா.”

“அதான்.”

அவன் சுவரில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். காபி ஆறிவிட்டது என்று சொல்லி மதினி அதை வாங்கிப்போய்ச் சூடுபண்ணிக் கொடுத்தாள்.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். கிராம்பு, எலுமிச்சை என்று தினமும் முகர்ந்து பழகச் சொன்னார். வரும் வழியில் ஆட்டோவில் மதினி கேட்டாள்.

“அன்னைக்கு அந்த ஓட்டல்ல பீன்ஸ் ரொம்ப மோசமோ?”

“ஊசிப்போயிருந்தது மதினி.”

“சொல்லிருக்கலாமே.”

“ஆமா” என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

விசாலம்மா போன் செய்தாள். அவள் மகளின் வளைகாப்பை வேறு ஆளிடம் சொல்லிவிட்டாளாம். சாப்பாடு பிரமாதம், ஆனா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு பாத்துக்கிடுங்க என்றாளாம். மதினி, “சரிம்மா” என்று வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனாள். நான் கிராம்பு டப்பாவை எடுத்து வந்தேன். முகர்ந்தாள். “ஒண்ணுமில்ல” என்றாள்.

ஜனவரி 18, ஞாயிறு

மதினிக்கு மணம் திரும்பவில்லை. தை மாசத்துக்கு வந்திருந்த சமையல்களில் பாதி கைவிட்டுப் போயின. மீதிப் பாதியை அவள்தான் சமைக்கிறாள், படைக்கும் வரை எதையும் வாயில் வைக்காமல்.